சோம்பேறி என்று சொல்வதற்கு முன்



"முகாம் ஆட்கள் நிவாரணத்துக்குப் பழகிட்டாங்க." புத்தளத்து அகதிகளைப் பற்றிய இந்தப் பேச்சைக் கலகெதரயில் நாமும் கேட்டிருக்கிறோம், தலையாட்டியும் இருக்கிறோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கடை, காணி, நகை எல்லாம் விட்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றது பத்து, இருபது வருடமானது. கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றதும் இவர்கள்தான். பேச்சு அதை மறந்துவிடும்!

சிலர் சோர்ந்துபோனதும் உண்மைதான். அது குணமா?

ஒஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூர். 1930இல் ஆலை மூடி ஊரே வேலையிழந்தது. மரி யஹோதாவும் சகாக்களும் அங்கு போய் ஆராய்ந்தார்கள். கையில் நேரம் தாராளம். ஆனால் நூலகத்தில் இரவல் பெற்ற புத்தகங்கள் 1929க்கும் 1931க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது.

மூளையில் நடப்பது என்ன என்பது பின்னர்தான் தெரிய வந்தது. 1990களில் ஜோன் சலமோன் எலிகளின் மூளையில் டோபமைனைக் குறைத்துப் பார்த்தார். தடையேறினால் நிறையத் தீனி, ஏறாவிட்டால் கொஞ்சம். அவை கொஞ்சத்தோடு நின்றன. தடையை எடுத்ததும் நிறைய இருந்த பக்கமே போயின. ஆசை போகவில்லை, அதற்காகப் பாடுபடும் உந்துதல்தான் போயிருந்தது. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வில் எலிகளைக் கடும் நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். புதியதை நாடிப் போகத் தூண்டிய ஒரு மூளை இரசாயனம், அதன் பிறகு விலகிப் போகத் தூண்டியது. 90 நாள் கழித்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எலி மனிதனல்ல என்பது சரி. ஆனால் அந்த எலிகளை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

போன கிழமை ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையைப் பற்றி அதே சொல் வந்தது. பரிசு தருவதாகச் சொன்னாலும் பேனையைத் தூக்குவதில்லையாம். 2022 நெருக்கடியில் அவனுடைய வாப்பா கடையை மூடினார். அதற்குப் பிறகு மூன்று வாடகை வீடு மாறிவிட்டார்கள். நாம் அதுவரை விசாரித்திருக்கவில்லை.