ஜன்னலோரத் தொட்டியும் கரூவின் கூழாங்கல் செடிகளும்

உங்க ஆபீஸ் மேசையில் ஒரு குட்டிப் பீங்கான் தொட்டி இருக்கா? அதில் தடித்த இலைகளோடு ஒரு சக்குலண்ட்? பத்து நாள் லீவு போட்டுட்டு வந்தாலும் வாடாமல் நிற்குமே, அந்தக் குணம்தான் இன்றைய கதை. அந்தக் குணம்தான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இப்போ அதுவே அதற்கு எமனாகவும் நிற்கிறது.

1772-இல் கேப்டன் குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பலில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் வந்து இறங்கினார் பிரான்சிஸ் மாசன். ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். லண்டனின் கியூ தோட்டம் செடி சேகரிக்க வெளிநாடு அனுப்பிய முதல் ஆள் இவர்தான்.

அந்தக் காலத்தில் கப்பலில் செடி அனுப்புவது பெரிய தலைவலி. மாதக்கணக்கில் பயணம், உப்புக்காற்று, குடிக்கவே அளந்து ஊற்றும் தண்ணீர். வழியிலேயே ஏகப்பட்ட செடிகள் செத்துப்போகும். சக்குலண்ட்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. காரணம் எளிது. இலையிலும் தண்டிலும் அவை தண்ணீரைச் சேமித்து வைக்கின்றன. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இவற்றில் பல, வெயில் போன பிறகு ராத்திரியில்தான் திறக்கும். அதனால் ஈரம் வீணாவதில்லை. வேரோடு பிடுங்கி, மண் இல்லாமல் வாரக்கணக்கில் வைத்தாலும் உயிர் இருக்கும்.

1811-இல் வில்லியம் பர்ச்செல் என்ற பயணி, பிரீஸ்கா பகுதியில் ஒரு வித்தியாசமான கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்துப் பார்த்தால் அது செடி! இன்று ‘லிவிங் ஸ்டோன்ஸ்’ என்று நர்சரிகளில் விற்கிறார்களே, அந்த லித்தாப்ஸ். ஆடுமாடு கண்ணில் படாமல் இருக்கக் கல்லாக வேஷம் போட்ட செடி.

அடுத்து கண்ணாடித் தொட்டி. 1829-இல் லண்டன் டாக்டர் நத்தேனியல் வார்ட், மூடிய பாட்டிலுக்குள் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘வார்டியன் கேஸ்’. இன்றைய டெர்ரேரியத்துக்கு அதுவே மூதாதை. ஆனா ஒண்ணு: ஈரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளேயே வைத்திருக்கும் அந்தப் பெட்டி பெரணிக்குச் சொர்க்கம், சக்குலண்டுக்கு நரகம். மூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த உங்க செடி அழுகிப்போச்சா? தப்பு உங்க ராசியில் இல்லை, தொட்டியில். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி, மணல் கலந்த மண், மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர். இவ்வளவுதான்.

சரி, எமன் எங்கே வந்தான்?

தென்னாப்பிரிக்காவின் மேற்கிலிருந்து நமீபியா வரை நீளும் வறண்ட நிலம், சக்குலண்ட் கரூ. அங்கே கோனோஃபைட்டம் என்ற விரல்நுனி அளவுச் செடிகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. சில இனங்களுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு குன்றுகள்தான் வீடு. மிக மெதுவாகத்தான் வளரும். 2019-க்குப் பிறகு, குறிப்பாக கோவிட் காலத்தில், ஆன்லைனில் இவற்றுக்குக் கிராக்கி எகிறியது. அதன்பின் அதிகாரிகள் பறிமுதல் செய்த திருட்டுச் செடிகள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். அட்டைப்பெட்டியில் போட்டு பார்சல் அனுப்பினாலும் சாகாது. அதனாலேயே திருடனுக்கு வசதி.

பிடுங்குபவர்களில் பலர் வேலையில்லாத உள்ளூர்க்காரர்கள். அவங்க கைக்கு வருவது சொற்பம். லாபம் இடைத்தரகருக்கும் வெளிநாட்டு வியாபாரிக்கும். கலிபோர்னியாவிலும் இதே கதைதான். கடலோரப் பாறைகளிலிருந்து டட்லேயா செடிகளைப் பெயர்த்தார்கள். 2021-இல் அங்கே அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதனால் சக்குலண்டே வாங்கக் கூடாதா? அப்படி இல்லை. எச்செவேரியாவின் ஒற்றை இலையை உடைத்து, சில நாள் காயவிட்டு மண்மேல் வைத்தால் புதுச் செடி வரும். ஜேடும் அப்படித்தான், ஒரு கிளை போதும். நர்சரியில் பெருக்கியதை வாங்குங்க, நண்பர்களோடு கிளை மாற்றிக்குங்க. அபூர்வச் செடி என்று யாராவது ஆன்லைனில் காட்டினால், விதையில் வளர்த்ததா, காட்டில் எடுத்ததா என்று கேளுங்க. வேர் முறிந்து, காயத் தழும்போடு, ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாமல் வந்தால் சந்தேகப்படுங்க.

கல்லாக வேஷம் போட்டு ஆடுமாட்டிடமிருந்து தப்பித்த செடி அது. நம்ம ஆசையிடமிருந்து தப்பிக்க அதற்கு இன்னும் வேஷம் கிடைக்கவில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.