பட்டறையில் பிறந்த குண்டுவிமானங்கள்

விமானப்படையின் வரலாறு எப்போதும் விமானிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. படத்தில் நிற்பவர் விமானி. பதக்கமும் அவருக்குத்தான். இரவிரவாக இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக்கின் பெயர் எங்கும் இல்லை. ஆராவில் றெஸ்ரோறன்ற் சமையலறையில் நிற்கிற எங்களுக்கு இது புதினமல்ல; மேசையிலிருந்து வரும் பாராட்டு பாத்திரம் கழுவுமிடம்வரை வருவதில்லை. ஆனால் இலங்கையின் ஆகாயப் போரை விளங்கிக்கொள்ள மெக்கானிக்கின் பக்கமிருந்துதான் தொடங்க வேண்டும்.

றோயல் சிலோன் விமானப்படை 1951 மார்ச்சில் உருவானது. 1962இல் றொஹான் அமரசேகர பொறுப்பேற்கும்வரை தளபதிகள் பிரித்தானியர்களே. 1959இல் ஜெற் புறவோஸ்ற் விமானங்கள் வரத் தொடங்கின. இரண்டுபேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகும் பயிற்சி விமானம் அது. பின்னர் அவை பறக்காமல் திருகோணமலை சீனன்குடாவில் ஒதுக்கி வைக்கப்பட்டன.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. கிடப்பில் கிடந்த அந்த விமானங்களைத் தரைப்பணியாளர்கள் சில நாட்களுக்குள் பறக்க வைத்தார்கள். றொக்கற்றுகள் பூட்டப்பட்டன. கேகாலை, எல்பிட்டியப் பக்கங்களில் தாக்குதல் நடந்தது. அந்தப் படை முதன்முதலாக ஆகாயத்திலிருந்து தாக்கியது சிங்கள இளைஞர்களைத்தான். எங்கள் பேச்சுக்களில் இது வருவதேயில்லை. ஏதோ குண்டு போடுதல் என்பதே எங்களுக்கென்று கண்டுபிடிக்கப்பட்டதுபோல நாங்கள் கதைக்கிறோம்.

கிளர்ச்சி அடங்கியபின் காசில்லை. அதே படையின் ஹெலிகொப்ரர்கள் 'ஹெலிரூர்ஸ்' என்ற பெயரில் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிந்தன. ஒரே பட்டறை, ஒரே சாவி, ஒரே கிறீஸ்.

1985இல் இத்தாலியின் சியாமாசெட்டி வந்தது. அடிப்படையில் அதுவும் பயிற்சி விமானமே. சீனத்து வை-12, பிரித்தானிய அவ்ரோ இரண்டும் ஆட்களையும் பொதிகளையும் ஏற்றச் செய்யப்பட்டவை. அவற்றையும் குண்டு போடுவதற்கு மாற்றினார்கள். இவற்றில் ஒன்றுக்குத்தான் எங்கள் தாய்தகப்பன்மார் 'சகடை' என்று பெயர் வைத்தார்கள். 1990இல் யாழ்ப்பாணத்தின்மேல் பீப்பாய்க் குண்டுகள் விழுந்தன. போர்விமானமாகவே செய்யப்பட்ட கிபிர் 1996இல்தான் வந்தது. அதுவரைக்கும் எங்கள் கூரைகளுக்கு மேலால் வந்த குண்டுவிமானங்களில் பெரும்பாலானவை குண்டுவிமானங்களாகப் பிறந்தவையல்ல. யாரோ அளவெடுத்து, துளையிட்டு, பூட்டி அப்படி ஆக்கியவை.

1993இல் எம்.ஐ.-17 ஹெலிகொப்ரரும் 1995இல் அன்ரனோவ்-32உம் வந்தபோது மெக்கானிக்கே மேலேறினார். எண்ணெய், சூடு, எரிபொருள் எல்லாவற்றையும் பறக்கும்போதே கவனிக்கும் விமானப் பொறியாளரின் இருக்கை அவற்றில் உண்டு. அவை விழுந்தபோது விமானியோடு அவரும் விழுந்தார். தெற்கில் எந்தக் கிராமத்து வீட்டுக்கு அந்தப் பெட்டி போனது என்று நாங்கள் அன்று யோசிக்கவில்லை. யோசிக்கும் நிலையிலும் இருக்கவில்லை.

சுவிஸ் இராணுவம் 1939இல் ஜேர்மனியிடமிருந்து மூன்று யு-52 விமானங்களை வாங்கி 1981வரை வைத்திருந்தது. பிறகு அவை டுபன்டோர்வ் தளத்திலிருந்து உல்லாசப் பறப்புக்குப் போயின. மூன்று இயந்திரங்களின் சத்தம் கேட்டால் எங்களில் சிலர் அண்ணாந்து பார்ப்போம். ஊர்ப்பழக்கம். கால் தன்பாட்டில் பங்கர் தேடும்.

அவற்றில் ஒன்று 2018 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிஸ் செக்னாஸ் மலையடியில் விழுந்து 20 பேரும் இறந்தார்கள். 2021இல் விசாரணை அறிக்கை வந்தது. விமானிகள் மலைகளுக்கிடையில் தாழ்வாக, ஆபத்தான முறையில் பறந்ததே காரணம் என்றது. அதோடு விடவில்லை. துரு, வெடிப்பு, பராமரிப்புக் குறைகள், மேற்பார்வை செய்யத் தவறிய அரச அலுவலகம் என்று, விபத்துக்கு நேரடிக் காரணமாகாதவற்றையும் எழுதி வைத்தது. 20 பேருக்காக ஒரு விமானத்தின் ஆணிகள்வரை பார்த்தார்கள்.

எல்பிட்டியவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அப்படி எவரும் பார்க்கவில்லை. பொதிவிமானத்தில் குண்டைப் பூட்டச் சொன்ன உத்தரவு யாருடையது, எந்தப் பட்டறையில் எந்த நாளில் பூட்டினார்கள் என்பதெல்லாம் பூட்டிய கைகளுக்குத் தெரியும். 1985இல் இருபது வயதாயிருந்த மெக்கானிக்குகள் இப்போது பென்சன் எடுத்து வீட்டில் இருக்கும் வயதினர்.