சேணம் என்னும் இருக்கை

குதிரையின் முதுகில் இடுவதைச் சேணம் என்கிறோம். மிதிவண்டியில் நாம் அமர்வதை இருக்கை என்று எழுதுகிறோம். பேச்சில் அது 'சீட்டு'. ஆங்கிலேயரோ இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

மலையடிவாரத்து மண்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் ஆசை நமக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. மென்மையே சுகம் என்றெண்ணித் தடித்த பஞ்சு வைத்த இருக்கையொன்றை வாங்கினோம். பத்துக் கிலோமீட்டர் கடப்பதற்குள் தொடையிடுக்கு மரத்துப்போயிற்று. மெத்தென்றிருப்பது ஏன் வருத்துகிறது? விடை தேடப் புகுந்தபோது, இதே பாடத்தை மனிதர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் கற்றுவருவது தெரிந்தது.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817-ஆம் ஆண்டு கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்கு மிதிகட்டை கிடையாது. கால்களால் தரையை உந்திச் செல்ல வேண்டும். உடற்பாரத்தில் ஒரு பங்கைக் கால்களே தாங்கியதால் இருக்கையின் குறை பெரிதாகத் தோன்றவில்லை. 1860-களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் செய்த வண்டிகளில் மிதிகட்டை வந்தது; கால் தரையை விட்டது; பாரம் இருக்கைக்கு மாறியது. நீண்ட இரும்புப் பட்டைவில்லின் மேல் இருக்கையைப் பொருத்தியும், இரும்புப் பட்டையிட்ட மரச் சக்கரங்கள் கல்பாவிய தெருக்களில் தந்த அதிர்ச்சி தீரவில்லை. 'எலும்பாட்டி' என்னும் பொருள்படவே ஆங்கிலேயர் அவ்வண்டிக்குப் பெயரிட்டனர்.

இங்கேதான் குதிரை வருகிறது. பர்மிங்ஹாமில் 1866-இல் குதிரைக் கடிவாளம், வார் முதலிய தோற்பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கியவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். 1878-இல் அவருடைய குதிரை இறந்துபோக, வேறொன்று வாங்க வசதியின்றி மிதிவண்டியொன்றை இரவல் பெற்றார் என்றும், அதன் இருக்கை தந்த வேதனையே அவரைப் புதியது செய்யத் தூண்டியது என்றும் அந்நிறுவனத்தார் கூறுவர். 1882-இல் அவர் காப்புரிமை பெற்றார். அவர் மரபில் வந்த இருக்கையில் பஞ்சில்லை. எஃகுச் சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே தடித்த தோல் தொட்டில்போல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். புதிதில் கடினமாக இருக்கும் அது, பழகப்பழக அமர்பவரின் எலும்பிற்கேற்பக் குழிந்துகொடுக்கும்.

சூட்சுமம் இதுதான். நாம் அமரும்போது பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். அளவிற்கு மிஞ்சிய பஞ்சில் அவை அமிழ்ந்துவிட, நடுப்பகுதி மேலெழுந்து நரம்பையும் குருதிக் குழாயையும் நெருக்குகிறது. மரத்துப்போதல் அதன் விளைவு.

1890-களில் பெண்கள் பெருமளவில் மிதிவண்டி ஏறியபோது, இருக்கையின் மூக்கு அவர்கள் உடலுக்கும் ஒழுக்கத்திற்கும் கேடு என்று மருத்துவர் சிலர் எழுதினர். நடுவே பள்ளம் வைத்தும் மூக்கைக் குறுக்கியும் 'உடல்நல இருக்கைகள்' விற்கப்பட்டன. ஒழுக்கக் கவலை நகைப்பிற்குரியது. உடலைப் பற்றிய கவலையில் உண்மை இருந்தது. நூறாண்டு கழித்து, 1990-களின் இறுதியில், ஆண்களின் உடல்நலத்தைக் குறித்துக் கேள்வி எழுந்தபோது அதே பள்ளம் புதுமையாகத் திரும்பிவந்தது. மிதிவண்டியில் ரோந்து செல்லும் அமெரிக்கக் காவலர்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கில்லா இருக்கையை ஆறு மாதம் பயன்படுத்திய பின், மரத்துப்போதலை உணராதவர்கள் 27 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடாக உயர்ந்தனர்.

எனில் மூக்கை அறுத்தெறியலாமா? கரடுமுரடான பாதையில் அது எளிதன்று. தொடைகளால் மூக்கை அணைத்தே வண்டியின் போக்கை உணர்கிறோம். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1970-களில் மலையிறங்கப் பழகிய இளைஞர்கள் இன்னொன்றையும் கண்டனர்: செங்குத்தான இறக்கத்தில் இருக்கை என்பது அமர்வதற்கன்று, விலகுவதற்கு. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் நண்பருடன் சேர்ந்து, ஓடும்போதே இருக்கையைத் தாழ்த்தி உயர்த்த உதவும் சுருள்வில்லொன்றை 1980-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைப்பிடி விசையால் இருக்கை தாழும் இன்றைய ஏற்பாட்டிற்கு அது முன்னோடி.

ஆகவே இருக்கை வாங்கப் புகுவோர் விரலால் அழுத்திப் பார்ப்பதை விடுத்து, முதலில் தம்மை அளந்துகொள்வது நலம். நெளிவட்டையின் மேல் அமர்ந்தெழுந்தால் இரு குழிகள் பதியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவோடு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கூட்டினால் தேவையான அகலம் தெரியும். உறுதியான அடித்தளம், சிறிதளவே பஞ்சு, நடுவே பள்ளம், தொடையை உரசாத ஒடுங்கிய மூக்கு, மட்டமான பொருத்தம் ஆகியவை போதும். மேடுபள்ளத்தில் எழுந்து நின்று முழங்காலால் அதிர்ச்சியை வாங்குவது ஓட்டுபவர் கடமை. மரத்துப்போனால் பொறுத்துக்கொள்ளலாகாது, இருக்கையை மாற்ற வேண்டும்.

பஞ்சிருக்கையை நாம் கழற்றிவிட்டோம். இப்போது ஏறியிருப்பது ஒடுங்கிய, சற்றே கடினமான ஒன்று. அதைச் சேணம் என்றே அழைக்கத் தோன்றுகிறது.