நாற்காலியின் அடிப்பக்கம்

நம் தச்சர் சங்க அலுவலகத்தில் தலைவர் உட்காரும் பிரம்பு நாற்காலியைப் போன மாதம் கவிழ்த்துப் போட்டேன். பின்னல் தொய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சட்டத்தின் உட்புறத்தில், துளையடிக்க அளவு குறித்த பென்சில் கோடு அழியாமல் இருந்தது. பக்கத்தில் 4 என்று ஓர் எண். பெயர் இல்லை. திருநெல்வேலி சாலையோரம் ஓலைக் கொட்டகையில் சங்கம் தொடங்கிய காலத்தில் செய்தது என்கிறார்கள் மூத்தவர்கள். யார் செய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

இந்த மலருக்குச் சங்க வரலாறு எழுதச் சொன்னபோது, அந்த எண்ணோடு சேர்ந்து சண்டிகர் நாற்காலி நினைவுக்கு வந்தது. நம் தொழிலில் இருக்கிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. சண்டிகர் என்ற அந்த நகருக்குக் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே திட்டம் போட்டார். அவருடைய உறவினரான பியர் ஜான்னெரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் தேவை. உள்ளூர்த் தச்சர்கள் உளியும் இழைப்புளியும் வைத்தே செய்யும்படி ஜான்னெரேயின் குழு வரைபடம் போட்டது. அந்தக் குழுவில் யூலி சவுத்ரி என்ற பெண் கட்டடக்கலைஞரும் இருந்தார்.

அந்த நாற்காலிக்குக் கவராயத்தை விரித்து நிறுத்தியதுபோல் பக்கத்துக்கு ஒரு ஜோடிச் சாய்ந்த கால்கள். அவற்றின் உச்சியில் கைப்பிடி. இருக்கையும் முதுகும் பிரம்பு. பார்வைக்கு எளிது, செய்யப் பொல்லாதது. செங்கோணத்தில் துளையடிப்பது நமக்குக் கைவந்தது. சாய்ந்த காலில் முளை இறங்கும்போது கோணம் மயிரிழை பிசகினாலும் நாற்காலி ஆடும். அந்தக் கால்களில் அறுபது ஆண்டுக்கு மேலாக ஆட்டமில்லாமல் நிற்பவை இருக்கின்றன என்றால், அடித்தவன் கை எப்படிப்பட்ட கை!

பின்னலும் அப்படித்தான். பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என ஓட்டினால் எட்டு மூலைக் கண் விழும். காய்ந்ததும் தானாக இறுகிக்கொள்ளும். நம் நாட்டுப் பார்வையற்றோர் பள்ளிகள் பலவற்றில் இதைத் தொழிலாகவே கற்றுக்கொடுத்தார்கள். விரல் நுனிக்குத் தெரிவது கண்ணுக்கு எப்போதும் தெரிவதில்லை.

காலம் போனது. பழசான நாற்காலிகளை மொட்டைமாடியிலும் வராந்தாவிலும் குவித்தார்கள், பழைய சாமான் ஏலத்தில் தள்ளினார்கள். ஐரோப்பிய வணிகர்கள் அள்ளிக்கொண்டு போய்ச் சீர்செய்து லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. அதற்குள் நிறையப் போய்விட்டது. என் மனம் இதில் இன்னும் ஆறவில்லை.

அந்த நாற்காலிகளில் இன்ன அலுவலகம், இத்தனாவது எண் என்று பெயின்டில் எழுதியிருக்கும், காணாமல் போகாமலிருக்க. இன்று வெளிநாட்டு ஏலத்தில் அசல் என்பதற்குத் தேடிப் பார்க்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அலுவலக எண் விலைபேசுகிறது. தச்சன் பெயர் எங்குமே இல்லை.

இப்போது மறுபதிப்புகள் வருகின்றன. பெங்களூருவில் ஃபாண்டம் ஹேண்ட்ஸ் பட்டறை தேக்கிலும் பிரம்பிலும் கையால் செய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத கைகள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இத்தாலியின் காசினா நிறுவனம் 2019இல் ஜான்னெரேக்கு மரியாதையாக ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. இத்தனை மட்டும்தான் என்று எண்ணிச் செய்யும் பதிப்புகளும் நாற்காலி உலகில் உண்டு. ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறிப்பார்கள். எண்ணோடு செய்தவர் பெயரையும் பொறித்தால் என்ன குறைந்துவிடும்?

மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமாவை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1937இல் புதுச்சேரி வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர். விடுதிக்குத் தேக்கில் சாமான்களும் வடிவமைத்தார். பிறகு அமெரிக்காவில், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில், கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் உட்கார்ந்து தொழில் படித்தார். உலகப் புகழ் வந்த பிறகும் அந்த ஆசாரியின் பெயர் அவர் கதையோடு கூடவே வருகிறது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் மரத்தடிகள் நம் ஊர் வழியாகத்தான் லாரியில் மேற்கே போகின்றன. அவற்றில் ஒரு பங்கு நம் பட்டறைகளிலும் கதவாக, கட்டிலாக, பள்ளிக்கூட பெஞ்சாக மாறியிருக்கிறது. தலைவர்கள், செயலாளர்கள் பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கிறது. இழைத்தவர், அறுத்தவர், பின்னியவர் பெயர்களைத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் பெயரைச் சொன்ன கையோடு, அவர் வைத்திருந்த உளியையும் எடுத்துவந்து காட்டினார்கள். கைப்பிடி தேய்ந்து விரல் பதிந்த பள்ளம் விழுந்திருந்தது.

அந்தப் பெயர்கள் அடுத்த பக்கத்தில் தொடங்குகின்றன. விட்டுப்போனவர் யாராவது இருந்தால் அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். கடைசி இரண்டு பக்கங்களை அதற்காகவே வெறுமையாக விட்டிருக்கிறோம்.