விடுதி சிறையாகி, சிறை இல்லமான வரலாறு

பைத்துல் முகத்தஸின் ஹரம் ஷரீஃபிற்கு மேற்கிலிருந்து செல்வோர், பாபுந் நாளிர் என்னும் வாயிலை அடையுமுன் தெருவின் இருமருங்கிலும் எதிரெதிரே நிற்கும் இரு பழங் கற்கட்டிடங்களைக் காண்பர். இரண்டும் ரிபாத்கள். தொடக்கத்தில் எல்லைக் காவல் நிலையத்தைக் குறித்த இச்சொல், மம்லூக்குகள் காலத்தில் ஏழைகளும் பயணிகளும் தங்கும் தரும விடுதிக்கு வழங்கலாயிற்று.

முன்னதை ஹிஜ்ரீ 666இல் (கி.பி. 1267-68) வக்ஃபு செய்தவர் அமீர் அலாவுத்தீன் அய்துக்தீ. ஜெரூஸலம், ஹெப்ரோன் ஆகிய ஈரிடத்து ஹரம்களுக்கும் மேற்பார்வையாளராக இருந்த இவர் கண்பார்வை இழந்தவர். அத்தகையவரை ‘அல்-பஸீர்’, அதாவது பார்வையுடையவர் என்றே அழைத்த அக்காலத்தவரின் பண்பாடு நம் உள்ளத்தைத் தொடுகிறது. 1294இல் மறைந்த அவர் தம் ரிபாத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். எதிரிலுள்ள மன்ஸூரி ரிபாத்தை ஹிஜ்ரீ 681இல் (1282) எழுப்பியவர் சுல்தான் கலாவூன். ஏழைகளுக்கும் ஜியாரத்திற்கு வருவோருக்குமாக அது வக்ஃபு செய்யப்பட்டதென வாயிற் கல்வெட்டு அறிவிக்கிறது.

வாகிஃபின் நிபந்தனை நஸ்ஸுக்கு நிகரானது என்பர் ஃபுகஹாக்கள். ஆயினும், உஸ்மானியர் ஆட்சியின் பிற்காலத்தில் இவ்விரு ரிபாத்களும் சிறைச்சாலைகளாயின. மன்ஸூரி ரிபாத்தில் தண்டனை பெற்றோரும், அலாவுத்தீன் ரிபாத்தில் மரண தண்டனையை எதிர்நோக்கியோரும் அடைக்கப்பட்டனர். பின்னதற்கு ‘ஹப்சுத் தம்’, இரத்தச் சிறை என்றே பெயர் வழங்கிற்று. முஸாஃபிருக்காகக் கட்டிய அறையில் கைதியைப் பூட்டியதற்கு எந்த நியாயமும் நமக்குத் தென்படவில்லை.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் வக்ஃபு நிர்வாகம் இவற்றை ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்குக் குடியிருக்க வாடகைக்கு விட்டது. சாட், நைஜீரியா, செனகல், சூடான் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இவர்கள். ஹஜ்ஜை முடித்து, அல்-அக்ஸாவையும் தரிசித்து, அதன் அருகிலேயே முஜாவிர்களாகத் தங்கிவிட்டோர் இவர்களுட் பலர். அவர்தம் சந்ததியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். குடும்பங்கள் பெருகப் பெருக, பழைய கூடங்கள் தடுக்கப்பட்டு வீடுகளாயின. மம்லூக் கட்டிடக் கலையை ஆய்வோருக்கு இது மனக்குறையே.

தரும விடுதி தனிக்குடும்பங்களின் இல்லமானது நிபந்தனை மீறலா? வறிய பயணிகளின் வாரிசுகள் அங்கு வாழ்வது, கைதிகளை அடைத்ததைவிட வாகிஃபின் நோக்கத்திற்கு மிகவும் அணுக்கமானது என்றே நாம் கருதுகிறோம். மேலும், அவர்கள் குடியிருப்போரேயன்றி உரிமையாளர் அல்லர். மனைக்கு மனை உரிமைப் போராட்டம் நடக்கும் அந்நகரில், ஷரீஅத்தின்படி இவ்விரு வீடுகளையும் விற்கும் அதிகாரம் குடியிருப்போருக்கும் இல்லை, வக்ஃபு நிர்வாகத்திற்கும் இல்லை.