டூல் பாக்ஸுக்குச் சக்கரம் முளைத்த கதை

அமெரிக்காவில் வீட்டு கராஜுக்கு ஒரு டூல் பாக்ஸ் வாங்கக் கிளம்புகிறவரை முதலில் திணற வைப்பது விலைதான். விற்பனைக்கு வரும் பெட்டிகள் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரும்புத் தகட்டில் செய்த உடம்பு, வரிசையாக டிராயர்கள், அடியில் நான்கு சக்கரம், பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போக ஒரு கைப்பிடி. ஒன்று சில நூறு டாலர். இன்னொன்று பத்தாயிரம் டாலரைத் தாண்டும்! பெரியது, சிறியது என்கிற வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இரும்பு என்ன விலை விற்றாலும் அத்தனை தூரத்தையும் இரும்பால் நிரப்ப முடியாது. மிச்சம் எங்கே போகிறது என்று தேடினால் அது ஒரு நூறு வருடக் கதையாக விரிகிறது. அதில் தொழிலாளி வருகிறார், கடன் வருகிறது, கப்பல் வருகிறது, கடைசியில் சுங்க வரியும் வருகிறது.

<b>பூட்டிய மரப்பெட்டி</b>

1936-இல் ஸ்வீடன் நாட்டின் காட்லாந்து தீவில், மாஸ்டர்மீர் என்ற சதுப்பு நிலத்தை உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பையில் ஓர் ஓக் மரப்பெட்டி சிக்கியது. பெட்டியைச் சுற்றி இரும்புச் சங்கிலி. வைக்கிங் காலத்துப் பெட்டி. சுமார் ஆயிரம் வருடப் பழசு. சுத்தியல், ரம்பம், இடுக்கி, அரம், கோடாரி என்று 200-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. தச்சு வேலைக்கும் கொல்லு வேலைக்கும் வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

பெட்டிக்குப் பூட்டு எதற்கு, சங்கிலி எதற்கு? உள்ளே இருந்தது ஒரு மனிதனின் மூலதனம். நிலம் இல்லாதவனுக்குக் கருவிதான் நிலம். அது கையில் இருந்தால் எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்த ஐரோப்பிய, அமெரிக்கத் தச்சர்களின் பெட்டிகளும் ஏறக்குறைய இதே ஜாதிதான். ஆழமான மரப்பெட்டி, மேலே மூடி, உள்ளே நகர்த்தி வைக்கும் சில தட்டுகள். ரம்பமும் இழைப்புளியும் பெரிய சாமான்கள் என்பதால் ஆழம் தேவைப்பட்டது. பெட்டி ஓரிடத்தில் கிடக்கும். தச்சர் குனிந்து எடுப்பார்.

<b>லேத்துக்குப் பக்கத்தில்</b>

தொழிற்சாலைகள் பெருகியபோது தச்சருக்கு அடுத்தபடியாக மெஷினிஸ்ட் என்ற ஆள் வந்தார். லேத்தில் நின்று உலோகத்தை ஆயிரத்தில் ஒரு அங்குலம் வரை அளந்து கடைகிறவர். இவருடைய கருவிகள் சின்னவை, நுட்பமானவை, விலை அதிகமானவை. மைக்ரோமீட்டரை ஆழமான பெட்டியில் சுத்தியலோடு போட்டால் என்ன ஆகும்? எனவே ஆழமான பெட்டி போய், ஆழம் குறைந்த டிராயர்கள் வந்தன.

1906-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஹாரி கெர்ஸ்ட்னர் இப்படிப்பட்ட மரப்பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். உள்ளே பச்சை வண்ணக் கம்பளித் துணி ஒட்டிய டிராயர்கள். 1911-இல் அதே மாநிலத்தின் வான் வெர்ட் என்ற ஊரில் கென்னடி கம்பெனி தொடங்கியது. அதன் பழுப்பு நிற இரும்புப் பெட்டிகள் பின்னாளில் தொழிற்சாலைகளில் சகஜமான காட்சியாகின. 1914-இல் 'மெஷினரீஸ் ஹேண்ட்புக்' என்ற கையேடு வெளிவந்தது. அட்டவணைகளால் நிறைந்த தடிமனான சின்னப் புத்தகம். மெஷினிஸ்ட் பெட்டிகளின் நடுவில் அந்தப் புத்தகம் உட்காருகிற அளவுக்கு ஒரு டிராயர் வைப்பது வழக்கமானது. இன்றைக்கும் அந்தக் கையேட்டின் சின்ன அளவுப் பதிப்புக்குப் பெயர் 'டூல்பாக்ஸ் பதிப்பு'!

இதுவரை சக்கரம் முக்கியமாகவில்லை. காரணம் சுலபம். மெஷினிஸ்டிடம் வேலை தேடி வந்தது. இரும்புத் துண்டு லேத்துக்கு வரும், பெட்டி பக்கத்து மேஜையில் இருக்கும். யாரும் நகரத் தேவையில்லை.

<b>கார் வந்தது, பெட்டி நடந்தது</b>

காரில் இந்தக் கணக்கு தலைகீழானது. 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி, 1927-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி விற்றது. ரிப்பேருக்கு வந்த கார் ஓரிடத்தில் நிற்கும். மெக்கானிக் முன்பக்கம் போவார், பின்பக்கம் போவார், அடியில் படுப்பார். கருவிதான் அவர் பின்னால் போக வேண்டும்.

இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் சாக்கெட் ஸ்பேனர் என்றால் கைப்பிடியும் தலையும் ஒரே துண்டு. பத்து அளவு நட்டுக்குப் பத்து ஸ்பேனர். 1920-இல் ஜோசப் ஜான்சன், வில்லியம் சீட்மன் என்ற இருவர் மில்வாக்கி நகரில் கழற்றி மாட்டும் சாக்கெட்டுகளை விற்கத் தொடங்கினார்கள். ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட். ஐந்து சேர்ந்து ஐம்பதின் வேலையைச் செய்யும் என்பதுதான் விளம்பரம். அந்தக் கம்பெனிதான் ஸ்நாப்-ஆன்.

கைப்பிடிகள் குறைந்தன, ஆனால் சின்னச் சின்னத் துண்டுகள் பெருகின. துண்டுகள் பெருகினால் டிராயர்களும் பெருகும். டிராயர்கள் பெருகினால் பெட்டியைத் தூக்க முடியாது. தூக்க முடியாததை உருட்டத்தான் வேண்டும். கீழே சக்கரம் வைத்த அலமாரி, அதன் மேல் ஏற்றி வைக்கும் இன்னொரு பெட்டி என்ற இன்றைய உருவம் இப்படித்தான் நிலைத்தது.

<b>வாரா வாரம் வரும் வேன்</b>

அமெரிக்க மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கைக்கருவிகளை முதலாளி வாங்கித் தர மாட்டார். தொழிலாளியே சொந்தமாகக் கொண்டு வர வேண்டும். பெரிய லிஃப்ட் மாதிரியான சாதனங்கள் மட்டும்தான் ஒர்க்‌ஷாப்பின் சொத்து. வேலைக்குச் சேரும் இருபது வயதுப் பையனுக்கு முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்னால் செலவு வந்துவிடுகிறது.

இங்கேதான் கடன் உள்ளே நுழைகிறது. 1930-களின் பெருமந்தத்தில் மெக்கானிக்குகளிடம் ரொக்கம் இல்லை. ஸ்நாப்-ஆன் விற்பனையாளர்கள் நம்பிக்கையான ஆட்களுக்குத் தவணையில் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விற்பனையாளர் சரக்கையே வேனில் ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வரத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள் வேன் வரும். உடைந்த ராட்செட்டை மாற்றித் தரும், புதியதைக் காட்டும், போன வாரத் தவணையை வாங்கிக்கொண்டு போகும்.

இதில் வசதி இல்லை என்று சொல்ல முடியாது. வேலையை விட்டுக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கருவி உடைந்தால் ஆள் வாசலுக்கே வருகிறார். தினமும் எட்டு மணி நேரம் டிராயரைத் திறந்து மூடுகிறவருக்கு அந்தத் தரமும் சேவையும் காசு பெறும். ஆனால் விலைப்பட்டியலில் தெரியாத ஒரு வரி இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஸ்நாப்-ஆன் கம்பெனியின் விற்பனை சுமார் 473 கோடி டாலர். அது தவிர, கடன் கொடுக்கும் பிரிவின் வருமானம் மட்டும் சுமார் 37.8 கோடி டாலர். கொடுத்த கடனில் கம்பெனிக்குக் கிடைத்த சராசரி வருவாய் விகிதம் 17 சதவிகிதத்துக்கு மேல். டூல் பாக்ஸ் கம்பெனி ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் வட்டிக் கணக்கும் வைத்திருக்கிறது என்பதை அதன் ஆண்டறிக்கையே காட்டுகிறது.

சொந்தக் கருவி இருந்தால் தொழிலாளி சுதந்திரமானவர். முதலாளி பிடிக்கவில்லை என்றால் பெட்டியை உருட்டிக்கொண்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடலாம். ஆனால் பெட்டி தவணையில் இருக்கும்போது ஒரு வாரச் சம்பளம் தவறினாலும் இடிக்கும். அப்போது அந்தச் சுதந்திரம் காகிதத்தில்தான் இருக்கிறது.

<b>ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்</b>

வீட்டுக்காரருக்கு இந்த வேன் வராது, வரவும் தேவையில்லை. அவருக்கென்று இன்னொரு பாதை திறந்தது. 1927-இல் சியர்ஸ் நிறுவனம் 'கிராஃப்ட்ஸ்மன்' என்ற பெயரை 500 டாலருக்கு வாங்கியது. கைக்கருவி உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதி அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. போருக்குப் பின் புறநகர்களில் வீடுகள் பெருகின, வீட்டோடு கராஜும் வந்தது, கராஜுக்குள் கிராஃப்ட்ஸ்மன் பெட்டியும் வந்தது. பெட்டியின் மேல் சியர்ஸ் பெயர் இருந்தாலும் பல வருடங்கள் அதைச் செய்து கொடுத்தது வாட்டர்லூ என்ற கம்பெனி. தகடு வளைப்பதும் பெயின்ட் அடிப்பதும் ஒருவர், நம்பிக்கையை விற்பது இன்னொருவர்! வணிகவியல் பாடத்தில் 'பிராண்ட்' என்று படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

90 வருடம் கழித்து, 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதே கிராஃப்ட்ஸ்மன் பெயரைச் சுமார் 90 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் வாங்கியது. மறு வருடம் அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. 500 டாலருக்கு வாங்கிய பெயர், வாங்கியவரைவிட அதிக நாள் வாழ்கிறது.

<b>காற்றை ஏற்றி வந்த கப்பல்</b>

விலை கீழே இறங்கியதற்குக் காரணம் கன்டெய்னர். காலி டூல் பாக்ஸ் என்பது பெரும்பாலும் காற்று. எடைக்கு இடம் அதிகம் அடைக்கும். உடம்பு வெல்டிங் செய்தது என்பதால் மடித்துக் கட்டவும் முடியாது. இப்படிப்பட்ட சாமானை சமுத்திரம் தாண்டிக் கொண்டு வருவது கட்டுப்படியாகாது என்றுதான் தோன்றும்.

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 கன்டெய்னர்களை ஐடியல்-எக்ஸ் கப்பலில் ஏற்றி நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அங்கே தொடங்கிய மாற்றம், சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு வேகமெடுத்தது. ஒரு சின்னக் கணக்கு. 40 அடி உயர் கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 76 கன மீட்டர். 27 அங்குல அகலமுள்ள வீட்டுப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 0.3 கன மீட்டர். நெருக்கி அடுக்கினால் 200-க்குக் குறையாமல் பிடிக்கும். கன்டெய்னர் வாடகை 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் பெட்டிக்கு 20 டாலர்தான். காற்றைக் கப்பலில் ஏற்றினாலும் லாபம் வரும் காலம் வந்துவிட்டது.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட கடை ஹார்பர் ஃப்ரைட். 1977-இல் கலிஃபோர்னியாவில் எரிக் ஸ்மிட் தன் அப்பாவோடு சேர்ந்து தபால் வழி விற்பனையாகத் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் நேராக உற்பத்தியாளரிடம் வாங்குவதுதான் அதன் சூத்திரம். அதன் 'யு.எஸ். ஜெனரல்' பெட்டிகள்தான் சில நூறு டாலரில் பால் பேரிங் டிராயர் என்பதை வீட்டு கராஜுக்குச் சாதாரணமாக்கின.

வாட்டர்லூ சும்மா இருக்கவில்லை. சீனாவும் வியட்நாமும் அடிமாட்டு விலைக்கு விற்கின்றன என்று 2017 ஏப்ரலில் அமெரிக்க அரசிடம் மனு கொடுத்தது. மறு வருடம் தீர்ப்பு அதற்குச் சாதகமாக வந்து, பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. வியட்நாம் பெட்டிக்குக் கணக்கிட்ட விகிதம் 327 சதவிகிதம்! அந்த உத்தரவில் ஒரு சுவாரசியம். 'தொழிற்சாலைத் தரம்' உள்ள பெட்டிகளுக்கு இந்த வரி கிடையாது. அப்படி எண்ணப்பட உடம்புத் தகடு 0.047 அங்குலமாவது (சுமார் 1.2 மில்லிமீட்டர்) தடிமன் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஆழமும் எடையும் மற்ற நிபந்தனைகள். பளபளக்கும் பெயின்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

<b>அப்படியானால் எதை வாங்குவது?</b>

வரி அதிகாரிகள் பார்த்ததையே வாங்குகிறவரும் பார்க்கலாம். தகட்டின் கேஜ் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கனம். 18 கேஜ் 20-ஐவிடத் தடிமன். கேஜ் எண்ணை நம்ப மனம் வராவிட்டால் காலிப் பெட்டியின் எடையைப் பார்த்தால் போதும். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதில் இரும்பு அதிகம். விலையை எடையால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

டிராயர் பால் பேரிங் தண்டவாளத்தில் ஓடுகிறதா, தகட்டின் மேல் தகடு உரசுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரு டிராயர் எத்தனை பவுண்டு தாங்கும் என்பதும் எழுதியிருக்கும். சக்கரம் சின்னதாக இருந்தால் தரையில் கிடக்கும் ஒரு நட்டுகூடப் பெட்டியை நிறுத்திவிடும். ஐந்து அங்குலச் சக்கரம் ஏறி இறங்கிவிடும். கனமான சாமான் கீழ் டிராயரில்தான் இருக்க வேண்டும். மேலே கனத்தை வைத்து எல்லா டிராயரையும் ஒன்றாகத் திறந்தால் பெட்டி முன்பக்கமாகச் சாயும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டு விஷயம் கிடையாது.

வீட்டுக்காரர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறப்பார். அவருக்கு வாசலுக்கு வரும் வேனும் வேண்டாம், அதற்கான விலையும் வேண்டாம். நடுத்தரத் தடிமனும் நல்ல தண்டவாளமும் பெரிய சக்கரமும் இருந்தால் ரொக்கத்தில் வாங்கக்கூடிய பெட்டியே அவருக்குச் சரியான பெட்டி. மெக்கானிக் வேலையில் புதிதாகச் சேரும் பையனும் முதல் சில வருடங்களை அதே பெட்டியோடு ஓட்டலாம். டிராயருக்குள் இருக்கும் ஸ்பேனர்தான் அவனுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. வெளியே இருக்கும் பெட்டி அந்தச் சம்பாத்தியத்தைத் தின்னாமல் இருந்தால் போதும்.