ஹாரி பேட்ச்

ஹாரி பேட்ச் (17 ஜூன் 1898 – 25 ஜூலை 2009) இங்கிலாந்தைச் சேர்ந்த பிளம்பர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் என்று அறியப்படுபவர். முழுப்பெயர் ஹென்றி ஜான் பேட்ச். 111 ஆண்டு வாழ்ந்த இவர் போர்முனையில் இருந்தது ஏறத்தாழ நான்கு மாதம். குழாய் வேலையில் இருந்தது பல பத்தாண்டுகள். இவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த நான்கு மாதத்தோடு நின்றுவிட்டார்கள்.

சாமர்செட் மாவட்டத்தில் பாத் நகரை ஒட்டிய கூம் டவுனில் பிறந்தார். பாத் நகரக் கட்டடங்களுக்குக் கல் வெட்டிக் கொடுத்த ஊர் அது. தந்தையும் கல் தச்சர்தான். மகன் 1913இல் பள்ளியை விட்டு பிளம்பிங் பழகப் போனார். அண்ணன் மோன்ஸ் போர்க்களத்தில் காயம்பட்டுத் திரும்பி அங்குள்ள நிலைமையைச் சொல்லியிருந்ததால், இவருக்குப் பட்டாளத்தின் மேல் துளியும் ஆசை இல்லை. 1916 அக்டோபரில் கட்டாய ஆள்சேர்ப்பு இவரையும் இழுத்துக்கொண்டது.

1917 ஜூனில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். கார்ன்வால் கோமகனின் இலகு காலாட்படையில், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இரண்டாம் ஆள். சுடுகிறவருக்குத் தோட்டா வட்டை மாற்றிக் கொடுப்பதும் துப்பாக்கியின் உதிரிப் பாகங்களைச் சுமப்பதும் இவர் பொறுப்பு. முடிந்தவரை யாரையும் கொல்வதில்லை, தாழ்த்தியே சுடுவது என்று அந்தக் குழுவின் ஐந்து பேரும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து வந்த ஜெர்மானியச் சிப்பாயைக்கூட இவர் தோளிலும் காலிலும்தான் சுட்டார். செப்டம்பர் 22 இரவு தலைக்கு மேல் வெடித்த பீரங்கிக் குண்டு குழுவில் மூவரைக் கொன்றது. இவருக்கு இடுப்புக்குக் கீழே காயம். அத்தோடு போர்முனை வாழ்க்கை முடிந்தது. கடைசிவரை இவர் நினைவு நாளாகக் கொண்டது செப்டம்பர் 22ஐத்தான். போர் முடிந்த நாளாக நாடே அனுசரிக்கும் நவம்பர் 11ஐ அல்ல.

சிகிச்சைக் காலத்தில் சந்தித்த ஏடாவை மணந்தார். இரண்டு மகன்கள். ஊர் திரும்பியவர் மறுபடி குழாயைக் கையில் எடுத்தார். 1925இல் திறக்கப்பட்ட பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் இவருடைய உழைப்பும் உண்டு. கோபுரம் மட்டும் 215 அடி. கையால் வேலை செய்ததோடு நிற்காமல் துப்புரவுப் பொறியியல் தேர்வெழுதித் தேறி, நிர்வாகப் பொறுப்புக்கும் உயர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பகலில் தொழில், மற்ற நேரத்தில் தீயணைப்புப் படை. 1942 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் பாத் நகரைக் குண்டு வீசி எரித்தபோது தீயை அணைக்கப் போனவர்களில் இவரும் ஒருவர். 1963இல் ஓய்வு பெற்றார். ஏடா 1976இல் காலமானார். பின்னர் மறுமணம் செய்தார், அந்த மனைவியும் 1984இல் மறைந்தார். மகன்கள் இருவரையும் தந்தையே இழக்க நேர்ந்தது.

இத்தனை காலமும் போரைப் பற்றி மனைவியிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை. கடைசிக் காலத்தில் தங்கியிருந்த முதியோர் இல்லத்தில், எதிரேயிருந்த துணி அறையின் விளக்கை இரவில் யாராவது போட்டால், அந்த வெளிச்சம் வெடிகுண்டை நினைவூட்டியதாகப் பின்னாளில் சொன்னார். நூறு வயதான பிறகு, 1998இல் பிபிசி ஆவணப்படத்துக்காகத்தான் முதன்முதலாகப் பேசினார். 2004இல் ஈப்பருக்குப் போய், அதே களத்தில் எதிரணியில் நின்ற 107 வயது சார்ல் குவென்ட்ஸைச் சந்தித்தார். இவர் ஒரு புட்டி சாமர்செட் ஆப்பிள் மது கொடுக்க, அவர் அல்சாஸ் பிஸ்கட் கொடுத்தார். 2007இல் வரலாற்றாளர் ரிச்சர்ட் வான் எம்டனுடன் சேர்ந்து தன்வரலாறு எழுதினார். அதில் கிடைத்த பணம் கடல் மீட்புப் படகு ஒன்றுக்குப் போனது.

வெல்ஸ் நகரில் காலமானார். 2009 ஆகஸ்ட் 6 அன்று வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், அவர் விருப்பப்படி, அலங்காரத்துக்குக்கூட ஆயுதம் அனுமதிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் வீரர்கள் பெட்டியைச் சுமக்க, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு வீரர்கள் இரண்டிரண்டு பேராக உடன் நடந்தனர். மங்க்டன் கூம் தேவாலய வளாகத்தில், குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

'கடைசி வீரர்' என்ற அடைமொழியைத் தரைப்படைக்கு மட்டுமே கொள்ள வேண்டும். கடற்படையில் பணியாற்றிய கிளாட் சூல்ஸ் 2011வரை வாழ்ந்தார்.